ஏப்ரல் முதல் வாரம், கிளீவ்லேண்ட் ராக்கி ரிவர்: ஸ்டீல்ஹெட்டுக்குத் தண்ணி எப்படி இருக்கும்?

காவிரிக்கரை:

வணக்கம். தியாகராஜ ஆராதனைக்காகக் குடும்பத்தோட ஏப்ரல் முதல் வாரம் கிளீவ்லேண்ட் வர்றோம். தங்கல் டவுன்டவுன்ல, ஸ்டேட் யூனிவர்சிட்டி பக்கம். சில காலைப்பொழுது எனக்கு ஒழிவா கிடைக்கும். ராக்கி ரிவர் அரை மணி தூரம்தான்னு மேப் காட்டுது.

கையில இருக்கிறது 9 அடி 5 வெயிட் ஃப்ளை ராட் (வெயிட் எண் கூடக் கூட ராடோட பலம் கூடும்), மிதக்கிற லைன், வேடர்ஸ் (தண்ணிக்குள்ள நிக்கப் போடற நீர்புகாத உடுப்பு). சின்ன ஓடைகள்ல ட்ரவுட் பிடிச்ச பழக்கம் உண்டு, ஸ்டீல்ஹெட் (ஏரிக்குப் போய் வளர்ந்து ஆத்துக்குத் திரும்புற ரெயின்போ ட்ரவுட்) பக்கம் போனதில்ல. கேள்விகள்:

அந்த வாரம் ஆத்துல மீன் இருக்குமா, இல்ல ஏரிக்குத் திரும்பியிருக்குமா? தண்ணி எவ்வளவு ஓடினா இறங்கலாம்? இந்த 5 வெயிட் தாங்குமா? என்ன ஃப்ளை (பூச்சி, சினை மாதிரி கட்டின போலி இரை) கட்டிக்கிட்டு வரணும்? மழை பெய்து கலங்கிப்போச்சுன்னா பக்கத்துல வேற எங்க போறது? கூட 13 வயசுப் பையன் வருவான், அவனுக்கும் லைசன்ஸ் வேணுமா?

ஈரிக்கரை:

ஏப்ரல் முதல் வாரம் மீன் கணக்குக்கு நல்ல சமயம், தண்ணி கணக்குக்குச் சூதாட்டம். ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

முதல்ல மீன். ஒஹாயோ அரசு இங்க பெரும்பாலும் விடறது மிச்சிகன்ல இருந்து வர்ற லிட்டில் மானிஸ்டி வகை. காஸ்டாலியா பண்ணையில 6 முதல் 8 இஞ்சு வரை வளர்த்து வசந்தத்துல ஆத்துல விடுவாங்க. வெர்மிலியன், ராக்கி, ஷக்ரின், கிராண்ட், ஆஷ்டபுலா, கானியாட் இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கிற ஆறுகள். குஞ்சு ஈரி ஏரிக்குப் போய் ரெண்டு கோடை தின்னு கொழுத்துத் திரும்புறப்போ 25 இஞ்சு பக்கம் இருக்கும். இலையுதிர் காலத்துலயே கொஞ்சம் ஏறும், ஆனா இந்த வகையோட பெரிய கூட்டம் மார்ச், ஏப்ரல்லதான். அதனால நீங்க வர்ற வாரம் மூணு விதமான மீன் ஒரே ஆத்துல இருக்கும்: ஏரியில இருந்து அப்பத்தான் ஏறின வெள்ளி மீன், சரளையில முட்டையிடுற ஜோடி, முட்டையிட்டு முடிச்சு மெலிஞ்சு கீழ இறங்குற மீன். கடைசி வகைக்குப் பசி அதிகம், எதையும் கடிக்கும்.

ஈஸ்டரை ஒட்டி விழா வர்றதால வருஷத்துக்கு வருஷம் தேதி நகரும். மார்ச் கடைசியில வந்தா தண்ணி 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்துலயே நிக்கும், ஏப்ரல் 20 வாக்குல வந்தா 50 தாண்டியிருக்கும். ரெண்டும் ரெண்டு வேற ஆறு. உங்க வாரம் ரெண்டுக்கும் நடுவுல, முட்டையிடுறது உச்சத்துல இருக்கிற சமயம்.

இனி தண்ணி. யூ.எஸ்.ஜி.எஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை) தளத்துல "ராக்கி ரிவர் நியர் பெரியா"ங்கற நீரோட்ட அளவுமானியை (கேஜ்) தேடுங்க. கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் கலந்ததுக்கு அப்புறம் பிரதான ஆத்துல எவ்வளவு ஓடுதுங்கறதைக் கன அடியில காட்டும். நொடிக்கு 200 முதல் 400 கன அடி வரை இருந்தா இறங்க ஏத்த தண்ணி. 150-க்குக் கீழ போனா கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடும், மீன் மடுவை விட்டு வெளிய வராது, நிழல் விழுந்தாலே ஓடும். 400 முதல் 600 வரைக்கும் கரையோரத்துல ஒதுங்கின மெதுவான தண்ணியில மட்டும் போடலாம். 700 தாண்டினா இறங்காதீங்க, ராக்கியில குறுக்க கடக்கிற பேச்சே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த கிராஃபோட செங்குத்து அச்சு மடக்கை அளவுல இருக்கும். 300-ல இருந்து 1,500-க்கு ஏறினது கண்ணுக்குச் சின்ன மேடு மாதிரி தெரியும். கோட்டோட வடிவத்தைப் பார்த்து ஏமாறாம எண்ணைப் படிங்க.

எண்ணை விட முக்கியம் திசை. 350 ஏறுமுகத்துல இருந்தா குப்பை, இலை, சேறு எல்லாம் வரும், ஒண்ணும் கடிக்காது. அதே 350 வெள்ளம் வடிஞ்சு இறங்குமுகத்துல வந்தா, இந்த ஆத்துல கிடைக்கிறதுலயே நல்ல நாள் அதுதான். வெள்ளத்தோட புது மீன் ஏறி வந்திருக்கும், தண்ணி இளம்பச்சைக் கலங்கலா இருக்கும். முழங்கால் ஆழத்துல நின்னு குனிஞ்சு பாருங்க. பூட்ஸ் மங்கலா தெரிஞ்சா சரியான கலங்கல். கணுக்கால்கூடத் தெரியலன்னா திரும்பிடுங்க.

ராக்கி ஏன் இவ்வளவு வேகமா ஏறுதுன்னா, சுத்தி எல்லாம் வீடும் ரோடும் பார்க்கிங்கும், அடியில ஷேல்ங்கற அடுக்குக் களிமண் பாறை. தண்ணி ஊறி இறங்க இடமில்ல. ஏப்ரல் தொடக்கத்துல மரங்கள் இன்னும் துளிர்க்கல, மண் ஏற்கெனவே ஊறிப்போய்க் கிடக்கு. அப்போ அரை இஞ்சு மழையே ஆத்தை ஆயிரத்துக்கு மேல கொண்டுபோய் விட்டுடும். அதே மழை மே கடைசியில பெய்தா பாதிகூட ஏறாது. ஒரு இஞ்சு அடிச்சு நின்னா இறங்குற தண்ணிக்கு மூணு, நாலு நாள் வைங்க. அதுக்குள்ள இன்னொரு மழை வந்தா கணக்கு முதல்ல இருந்து.

நேரம்: தண்ணி 42-க்குக் கீழ இருந்தா விடிகாலைக்கு அவசரப்படாதீங்க. பத்து, பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறி ரெண்டு மூணு டிகிரி கூடினா மீன் நகரத் தொடங்கும். ஏப்ரல் கடைசின்னா இதுக்கு நேர்மாறு, விடியலே நல்லது.

கொண்டைமுடிச்சு:

5 வெயிட்டை ரூம்லயே விட்டுட்டு வாங்க. மீனைப் பிடிக்க முடியாதுன்னு இல்ல, பிடிச்சு முடிக்க முடியாது. அஞ்சு, ஆறு பவுண்டு மீனை வேகமான தண்ணியில 5 வெயிட்டால திருப்ப முடியாது. கால் மணி நேரம் இழுத்தடிச்சு, கடைசியில களைச்சுச் செத்துப்போற மீனைத்தான் திருப்பி விடுவீங்க. 10 அடி 7 வெயிட் இந்த ஆத்துக்கு அளவு, 8-உம் சரி. ரீல்ல டிஸ்க் ட்ராக் இருக்கணும், 20 பவுண்டு பேக்கிங் (லைனுக்கு அடியில ரீல்ல சுத்துற நூல்) 100 கெஜம் போதும். அந்த ஒரு அடி கூடுதல் நீளம் சும்மா இல்ல. லைனைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சு ஃப்ளையை இழுபடாம ஓடவிடறதுக்கு அதுதான் உதவும்.

கட்டுற முறை. மிதக்கிற லைன் நுனியில ஏழரை அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற மெல்லிய நூல்), முனை 10 அல்லது 12 பவுண்டு. அதுல சின்ன டிப்பெட் (ஃப்ளை கட்டுற கடைசி நூல்) வளையம். வளையத்துல இருந்து 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் 18 இஞ்சு, முதல் ஃப்ளை. அந்த முள்ளோட வளைவுல 6 பவுண்டு 16 இஞ்சு கட்டி ரெண்டாவது ஃப்ளை. ஈயக்குண்டை வளையத்துக்கு மேல, லீடர்ல கடிச்சு வைங்க. வளையத்துல முட்டி நிக்கும், ஃப்ளை வரைக்கும் வழுக்கி வராது. தக்கையை ஆழத்தைப் போல ஒண்ணரை மடங்கு தூரத்துல வைக்கணும்: மூணு அடித் தண்ணிக்கு ஈயத்துல இருந்து நாலரை அடி மேல.

புதுசா வர்றவங்க தப்பு பண்றது ஈயத்துலதான். ஒரு பிபி (ஈயக்குண்டோட ஒரு சைஸ்) குண்டுல ஆரம்பிங்க. தக்கை மேல் பரப்பு நுரையோட அதே வேகத்துல போகுதுன்னா ஃப்ளை இன்னும் நடுத்தண்ணியில மிதக்குது, அடியில ஓட்டம் மெதுவா இருக்கும்ங்கறதால. இன்னொரு குண்டு சேருங்க. தக்கை நுரையை விடக் கொஞ்சம் பின்தங்கி, ரெண்டு மூணு நொடிக்கு ஒருக்கா லேசா துள்ளினா ஃப்ளை அடியைத் தொடுது. ஒவ்வொரு வீச்சுலயும் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னா ஒண்ணைக் கழட்டுங்க. ஷேல் பாறை படிக்கட்டா வெட்டுப்பட்டுக் கிடக்கும், அந்த விளிம்புல குண்டு சிக்கினா முழுக் கட்டும் போயிடும். 300 கன அடி ஓடுறப்போ, நடக்கிற வேகத்துல போற மூணு நாலு அடித் தண்ணிக்கு ரெண்டுல இருந்து மூணு பிபி சரியா இருக்கும். ஆனா ஒரே மடுவோட தலையிலயும் வாலிலயும் ஆழம் மாறும். தக்கையையும் ஈயத்தையும் மாத்தச் சோம்பல்பட்டு ஃப்ளையை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கிறவங்கதான் வெறும் கையோட போவாங்க.

ஃப்ளை. ஏப்ரல்ல ஆத்துல சினைதான் சாப்பாடு. ஸ்டீல்ஹெட் சினை மட்டும் இல்ல, சக்கர் மீன் கூட்டம் கூட்டமா ஏறி முட்டையிடுற சமயமும் இதுதான், அதுக்குப் பின்னாலயே ஸ்டீல்ஹெட் நின்னு உருண்டு வர்றதைத் தின்னும். அதனால "சக்கர் ஸ்பான்" ஃப்ளை 10, 12, 14 சைஸ்ல, க்ரீம், வெளிர்மஞ்சள், பீச் நிறத்துல. கலங்கலா இருந்தா ஆரஞ்சு, பளிச்சுப் பச்சை. ரெண்டாவது ஃப்ளையா தலையில பித்தளை மணி வச்ச ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் (நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரி ஃப்ளை) 10 அல்லது ஹேர்ஸ் இயர் 12. நூலால முட்டை மாதிரி கட்டுற ஃப்ளையைப் பெரிசா கட்டாதீங்க. நிஜ முட்டை மிளகை விடக் கொஞ்சம்தான் பெரிசு, கடையில விக்கிற பாதி ஃப்ளை கோலிகுண்டு சைஸ்ல இருக்கு. அது சேத்துத் தண்ணிக்கு மட்டும்தான்.

தக்கை முங்கினா ராடை மேல தூக்காதீங்க, ஓட்டம் போற பக்கமா கிடைமட்டமா இழுங்க. மேல தூக்கினா ஓட்டத்தை எதிர்த்து நிக்கிற மீனோட வாயில இருந்து ஃப்ளை நேரா வெளிய வந்துடும்.

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி. 7 வெயிட் வாடகைக்கோ இரவலோ ஏற்பாடு பண்ணிக்கறேன். ரெண்டு சந்தேகம். முழங்கால் ஆழச் சரளையில ஜோடி ஜோடியா மீன் நிக்கிறதை வீடியோவுல பார்க்கிறேன், எல்லாரும் அதுங்க மேலயே போடறாங்க. அது முறையா? அப்புறம், ராக்கி கலங்கியே கிடந்தா?

ஈரிக்கரை:

சட்டம் தடுக்கல. ஆனா அந்த ஜோடிகள் சாப்பிட நிக்கல. நீங்க கொக்கி மாட்டினா பத்துல பாதி துடுப்புலயும் வயித்துலயும் மாட்டும். வாய்க்கு வெளிய மாட்டின மீனை வச்சுக்க முடியாது, விட்டே ஆகணும். இங்க கோடையில தண்ணி சூடாகிடறதால முட்டையில இருந்து பிழைச்சு வர்றது அநேகமா கிடையாது, அதனால "என்ன நஷ்டம்"னு சிலர் வாதாடுவாங்க. எனக்கு அது சரியாப் படல. அந்த மீன் அடுத்த வருஷமும் திரும்பி வரக்கூடியது, முட்டையிடுற களைப்போட போராட வச்சா ஏரிவரைக்கும் போய்ச் சேராது.

வெளிறின, சுத்தமாத் துடைச்ச மாதிரி இருக்கிற சரளைக் குழிதான் முட்டையிடுற இடம். அதுல கால் வைக்காம, அதுக்குக் கீழ பத்து பதினஞ்சு அடி தள்ளி ஆழம் கூடி நிறம் கருக்கிற இடத்தைப் பாருங்க. உருண்டு வர்ற சினையைத் தின்ன அங்கதான் மத்த மீன் நிக்கும், ஜோடி சேராத ஆண் மீனும் அங்கதான் ஒதுங்கும். ஷேல் பாறையில வெட்டின நீளமான பள்ளம், ரெண்டு அடி அகலம்தான் இருக்கும், பச்சையா தெரியும். மேலோட்டமாப் பார்த்தா தாண்டிப் போயிடுவீங்க. மார்ச், ஏப்ரல்ல நகர்ற மீன் இளைப்பாற நிக்கிறது அதுலதான்.

இடம்: வேலி பார்க்வே ரோடு ஆத்தை ஒட்டியே போகும், மெட்ரோபார்க்ஸ் (கிளீவ்லேண்ட் பொதுப் பூங்காத் துறை) நிலம், வழிநெடுக வண்டி நிறுத்தலாம். எமரால்ட் நெக்லஸ் மரீனாவுக்குக் கொஞ்சம் மேல தொடங்கி ராக்கிளிஃப், மோர்லி ஃபோர்டு, நேச்சர் சென்டர்னு மேல போகலாம். மரீனா பக்கம் ஏரித் தண்ணி எதுக்களிச்சு ஓட்டம் செத்துக் கிடக்கும், அங்க தக்கை வேலைக்காகாது, வெள்ளை ஸ்ட்ரீமரை (சின்ன மீன் மாதிரி கட்டின ஃப்ளை) மெதுவா இழுக்கிறது வேலைக்காகும், எமரால்ட் ஷைனர்ங்கற சின்ன ஏரி மீன்னு நினைச்சுக் கடிக்கும். மெட்ரோபார்க்ஸே வாராந்தர மீன்பிடி அறிக்கை போடறாங்க, வர்றதுக்கு முன்னாடி படிங்க.

கலங்கியே கிடந்தா: ஆறுகள் எல்லாம் ஒரே நாள்ல தெளியாது, அதுதான் உங்களுக்கு வாய்ப்பு. வரிசையா சொன்னா, பென்சில்வேனியா எல்லை தாண்டி எல்க் க்ரீக், வால்நட் க்ரீக் மாதிரி சின்ன ஓடைகள் ஒரு நாள், ஒண்ணரை நாள்ல இறங்கிடும். ராக்கியும் ஷக்ரினும் அதுக்கப்புறம். கானியாட் அதை ஒட்டியே. வெர்மிலியன் களிமண் நிலம், கலங்கல் பிடிவாதமா நிக்கும். கிராண்ட் பெரிய ஆறு, மேல சதுப்பு நிலம், வாரம் ஆனாலும் ஆகும். ஆனா ராக்கி வத்திப்போய் எல்லாரும் புலம்புறப்போ கிராண்டுலதான் தண்ணி நல்லா இருக்கும். அதுக்கு எண்ணும் வேற, 600 கன அடியிலகூட இறங்கலாம், ஆறே அகலம்.

எல்க் போறதா இருந்தா அரை நாள் பத்தாது. பென்சில்வேனியா லைசன்ஸ் தனி, அதோட ட்ரவுட் பெர்மிட்டும் லேக் ஈரி பெர்மிட்டும் வேணும், ரெண்டையும் சேர்த்த பெர்மிட்டும் உண்டு. அங்க ட்ரவுட் சீசன் ஏப்ரல் முதல் சனிக்கிழமை தொடங்கும், அதையொட்டித் தனி விதிகள் உண்டு. உங்க வாரம் சரியா அதுமேல விழுது, அந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் படிக்காம கிளம்பாதீங்க.

ஒஹாயோவுல 16 வயசுக்குக் கீழ லைசன்ஸ் வேண்டாம், பையனுக்குக் கவலையில்ல. உங்களுக்கு வெளிமாநிலத்தவருக்கான 1 நாள் அல்லது 3 நாள் லைசன்ஸ், ஹன்ட்ஃபிஷ் ஓஹெச் செயலியிலயே வாங்கலாம். செப்டம்பர் 1 முதல் மே 15 வரை ஒரு நாளைக்கு ரெண்டு மீன்தான், 12 இஞ்சுக்குக் குறைஞ்சா விடணும். இன்னொண்ணு, ஒஹாயோவுல ஆத்துப் படுகையே பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொந்தமா இருக்கலாம். மெட்ரோபார்க்ஸ்ல அந்தப் பிரச்சினை இல்ல. ஷக்ரின், கிராண்ட், கானியாட்ல தடைப் பலகை வச்சிருந்தா தண்ணிக்குள்ள நின்னாலும் அத்துமீறல்தான்.

ஸ்காபரோ தூண்டில்:

ஈரிக்கரை அண்ணை சொன்ன கலங்கல் கணக்கு எங்கட பக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் 6 பவுண்டு டிப்பெட்டில எனக்கு உடன்பாடு இல்லை. பச்சைக் கலங்கலில மீனுக்கு நூல் தெரியாது. 8 பவுண்டுக்குக் குறைய ஏன் கட்டுறீங்கள்? மெல்லிய நூல் எண்டால் பயந்து பயந்து இழுக்க வேணும், மீன் செத்துப்போகும். 10 பவுண்டு கட்டி மூண்டு நிமிசத்தில கரைக்குக் கொண்டு வந்து விடுறதுதான் மீனுக்கும் நல்லது.

மற்றது, எல்லாரும் தக்கையையே கட்டிக்கொண்டு நிக்கிறியள். தண்ணி 45 டிகிரியைத் தாண்டினால் மீன் துரத்திக் கடிக்கும். 7 வெயிட் லைன் நுனியில 10 அடி மூழ்கிற நுனி ஒண்டைக் கொழுவி, நாலடி 10 பவுண்டு நூலில வெள்ளையோ ஒலிவ் நிறமோ வூலி பக்கர் ஃப்ளை 6-ஆம் சைஸ். ஓட்டத்துக்குக் குறுக்க, கொஞ்சம் கீழ்நோக்கி எறிஞ்சு, லைனை ஒருக்கா மேல்பக்கம் புரட்டிப் போட்டுட்டு, ஃப்ளை தன்பாட்டில குறுக்கால நீந்தி வரட்டும். கரைக்குக் கிட்ட வந்து நிண்டதும் ரெண்டு சின்ன இழுவை. பிறகு ரெண்டடி கீழ நடந்து அடுத்த எறி. கடி வந்தால் உடன ராடைத் தூக்கக் கூடாது. மீன் திரும்பி லைன் கனக்கும் வரைக்கும் பொறுத்திட்டு இழுங்கோ. வேகமான ஓட்டத்தில இது சரிவராது, மடுவின்ர வால்பக்கம், முழங்கால் முதல் இடுப்பளவு ஆழம், ஒரே சீரான ஓட்டம், அப்பிடியான இடத்தில செய்யவேணும்.

எங்கட ஒன்டாரியோவில நிலைமை வேற எண்டதையும் சொல்லவேணும், ஏனெண்டால் ரொறன்ரோ ஆக்களும் இதை வாசிப்பினம். கனரஸ்கா மாதிரி ஆறுகள் ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மணல்மேட்டு ஊற்றுத் தண்ணி, கோடையிலயும் குளிர். குஞ்சு ஆத்திலயே வளர்ந்து பிழைக்கும், விட்டு வளர்க்கத் தேவையில்லை. அதாலதான் இந்தப் பக்க ஆறுகளில ட்ரவுட் காலம் ஏப்ரல் நாலாம் சனிக்கிழமைதான் திறக்கும். கீழ்ப்பகுதியில வருஷம் முழுக்கத் திறந்த சில துண்டுகள் இருக்கு, எது எண்டு விதிப்புத்தகத்தில எல்லையோட எழுதியிருக்கு. அந்தச் சனிக்கிழமைக்கு முதல் போர்ட் ஹோப்பில கோர்பெட் அணையடிக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் மீன் பாயிறதைப் பாக்கலாம், தூண்டில் போடேலாது.

கொண்டைமுடிச்சு:

டிப்பெட் பத்தி ஸ்காபரோ சொல்றதுல பாதி சரி. 300-க்கு மேல, கலங்கலா இருந்தா நானும் ரெண்டு துண்டுக்கும் 8 பவுண்டே கட்டச் சொல்வேன். ஆனா அடியில இருக்கிற துண்டை மெலிசா கட்டறதுக்கு மீனோட கண் மட்டும் காரணமில்ல. ஷேல் விளிம்புல மாட்டினா கீழ் ஃப்ளை மட்டும் அறுந்து மத்தது கைக்குத் திரும்பும். எல்லாம் 10 பவுண்டுன்னா இழுக்கிற இழுப்புல லீடரோட போகும். தண்ணி 150-க்கு இறங்கித் தெளிஞ்சா 6 இல்லாம முடியாது, தக்கையையும் சின்னதாக்கணும், நூல் பஞ்சுத் தக்கை போதும், வெள்ளை நிறம். மேல நுரை மிதக்கும், அதுவும் நுரையாத் தெரியும்.

குறுக்க நீந்தவிடற முறை உங்களுக்கு முதல் நாளே வராது, ஆனா பையனுக்கு அதுவே சுலபம். தக்கைக்கு லைனைத் திருத்திக்கிட்டே இருக்கணும். இதுல எறிஞ்சுட்டு நின்னா போதும்.

மேட்ரிவர் மச்சான்:

ஏரிப்பக்க ஆறு எல்லாமே போச்சுன்னா, இல்ல 5 வெயிட்டைத்தான் வீசணும்னா, தெற்க வாங்க. மேட் ரிவர், அர்பானா, வெஸ்ட் லிபர்ட்டி பக்கம். கிளீவ்லேண்ட்ல இருந்து ரெண்டரை மணி நேரம் ஓட்டணும். பனிப்பாறை விட்டுப்போன சரளைப் படுகையில இருந்து ஊற்று வர்றதால கோடையிலயும் குளிர்ந்து ஓடுற ஆறு, ஒஹாயோவுல ப்ரௌன் ட்ரவுட்டுக்குன்னு சொல்லிக்கிற இடம் இதுதான். இங்கயும் பண்ணை மீன்தான், இலையுதிர் காலத்துல விடறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு, 12 இஞ்சு.

பாதி நீளத்துக்கு ஆத்தை நேரா வெட்டி விட்டிருக்காங்க, கரை உயரம், பார்த்தா வாய்க்கால் மாதிரி ஏமாத்தும். நடு ஓட்டத்துல நேரத்தை வீணாக்காதீங்க. மரம் விழுந்து கிடக்கிற இடம், கரை அடியில குடைஞ்ச இடம், பாசிக்கொடியோட ஓரம், அங்க மட்டும் போடுங்க. ஸ்கட் (சின்ன இறால் மாதிரி நன்னீர்ப் பிராணி) ஃப்ளை 14, 16 சைஸ், ஃபெசன்ட் டெய்ல் 16, 18. நூல் மெலிசா, 5எக்ஸ். ஏப்ரல்ல மேகம் மூடின மத்தியானம் ப்ளூ விங்டு ஆலிவ் பூச்சி எழும், 18-க்குக் கீழ சைஸ். மேற்பரப்புல மூக்கு தெரிஞ்சா ஸ்கட்டைக் கழட்டிட்டு உலர் ஃப்ளை கட்டுங்க. வெயில் அடிச்சா அந்த நம்பிக்கையை விட்டுடுங்க, ஸ்கட்டே போதும். சுத்தி எல்லாம் சோள வயல், உழுத சமயத்துல கனமழை பெய்தா இதுவும் சேறாகும்.

காவிரிக்கரை:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. கடைசியா ரெண்டு: ஒரு மீன் சமைக்க எடுத்தா எது? ஷேல்ல நடக்கிறதுக்கு ரப்பர் சோல் போதுமா?

ஈரிக்கரை:

சமைக்கிறதா இருந்தா வெள்ளியா மின்னுற, துடுப்பு நுனி கண்ணாடியா இருக்கிற மீனை மட்டும் எடுங்க. உடம்பு கருத்து, கன்னமும் பக்கவாட்டும் சிவந்திருந்தா ஆத்துல ரொம்ப நாள் கிடந்தது. சதை வெளிறிக் கொழகொழன்னு இருக்கும், குழம்புல கரைஞ்சு காணாமப் போயிடும். ஈரி ஏரி மீனை மாசத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம்னு மாநில அறிவுரை இருக்கு, குழந்தைகளுக்குக் கொடுக்கிறதா இருந்தா முதல்ல அதைப் பாருங்க. தோலையும் முதுகு, வயித்துக் கொழுப்பையும் சீவி எறிஞ்சுட்டா பி.சி.பி.ங்கற நச்சு வேதிப்பொருள் அளவு குறையும், அது கொழுப்புலதான் சேரும். விடற மீனைத் தண்ணியை விட்டு வெளிய தூக்காம, ரப்பர் வலைக்குள்ளயே முள்ளைக் கழட்டுங்க. முள்ளோட பார்பை (எதிர்க்கொக்கி) முன்னாடியே ப்ளையரால நசுக்கிட்டா ஒரு திருகுல வந்துடும். தண்ணி 65 டிகிரி தொட்டுட்டா விட்டுப் பிடிக்கிறதையே நிறுத்திடுங்க, உங்க வாரத்துல அந்தக் கவலை வராது.

ரப்பர் சோல் மட்டும் போதாது. பாசி படிஞ்ச ஷேல் எண்ணெய் தடவின கடப்பாக்கல்தான். ஆணி பதிச்ச சோல் வேணும், இல்லன்னா ரப்பர் சோல்லயே திருகுற டங்ஸ்டன் ஆணி செட் கிடைக்கும், ஒரு பூட்ஸுக்குப் பத்துப் பன்னெண்டு, விளிம்பைச் சுத்தி. ஊன்றுகோல் ஒண்ணு. வேடர்ஸ் மேல பெல்ட்டை இறுக்கிக் கட்டணும், விழுந்தா தண்ணி உள்ள போறது அதுலதான் தடுபடும். பையனை முழங்காலுக்கு மேல இறக்காதீங்க, உங்களுக்கு மேல்பக்கம் நிக்க விடுங்க, தடுமாறினா உங்க பக்கமா வருவான். இறங்கினதும் கரையோரக் கல்லுல தண்ணிமட்டத்தைப் பார்த்து வச்சுக்கங்க. வானம் தெளிவா இருந்தாலும் மேல மெடினா பக்கம் மழை பெய்திருக்கலாம். கல்லு முங்க ஆரம்பிச்சா, இல்ல சுள்ளியும் இலையும் மிதந்து வர ஆரம்பிச்சா, வண்டி நிக்கிற பக்கத்துக் கரைக்கு உடனே வந்துடுங்க.